ஜி யாரு?

நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் போன வாரம் பள்ளிக்கூட ஹாலின் படத்தை ஒருத்தி போட்டிருந்தாள். புதிதாக டைல்ஸ் பதித்திருக்கிறார்கள், சுவரில் டிவி மாதிரி ஒரு பலகை தொங்குகிறது. ஆளாளுக்கு எழுதினீர்கள். பிரேயரில் மயங்கி விழுந்த இடம், முட்டி போட்ட இடம், மழைநாளில் சாப்பிட்ட இடம் என்று. இடது மூலையில், இன்று தண்ணீர் மெஷின் நிற்கிற இடத்தில், ஒரு பியானோ இருந்ததே, அதைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. உங்களைக் குறை சொல்ல முடியாது. அதைத் தொட்டால் பிரம்படி என்று நமக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே, நான் அதைத் தொட்டேன். எனக்கு ஆசை வந்து தொடவில்லை. என் சித்திக்குக் காவலாக அனுப்பப்பட்டவள் நான்.

அந்தப் பியானோ பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் வாங்கி வந்து, வாசிக்க ஆளில்லாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் பாச்சை உருண்டையும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு நெடி வரும். வெள்ளைக் கட்டைகளில் பாதிக்கு மேல் தந்தம் உரிந்து, உள்ளே இருந்த மரம் தெரியும். நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் கீழே போகும், மேலே வரும், சத்தம் மட்டும் வராது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் அப்போதே இல்லை. சித்திக்குப் பிறந்த வீடு என்றால் அது காரைக்குடியில் எங்கள் வீடுதான். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், ஐப்பசி அடைமழையில், ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் பேச்சு மழைக்கு மாறிவிடும். சித்தி அதிகம் பேசவில்லை. சொன்ன வேலையைச் செய்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். அவளுடைய இடது கை சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. கல்யாணத்தின்போது அப்படி இல்லை. கேட்டதற்கு, "அம்மிக்குழவி விழுந்துருச்சாம்" என்றாள் அம்மா. எல்லோரும் அதை நம்பினார்கள், அல்லது அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. எந்தப் பிரச்சினைக்கும் ஒரு தவணை சொல்வது அவர் வழக்கம். "தை பொறக்கட்டும். அவுகளே வந்து கூப்புட்டுக்கிருவாக. அதுவரைக்கும் இங்கன இருக்கட்டும்" என்றார். அதோடு அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு என்னைக் கூப்பிட வந்த சித்தி ஹாலில் நின்றுவிட்டாள். அங்கே ஹாஸ்டல் அக்கா பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். உங்களில் சிலருக்கு அவளை நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பு, இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன், யாரையும் மதிக்காத நடை. அப்பா திருச்சியில் இன்ஜின் டிரைவர், அம்மா மாதா கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிறவர். அதனால் பியானோவைத் தொட அவளுக்கு மட்டும் அனுமதி இருந்தது. சித்தி அவள் முடிக்கும் வரை நின்றாள். பிறகு என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டுத் தலைமை சிஸ்டரைப் பார்க்கப் போனாள். அவரை நாம் மதர் என்போமே, அவர்தான். வெகுநேரம் கழித்து வந்தாள்.

அன்று வீட்டில் அவள் அம்மாவிடம் சொன்னதுதான், வந்ததிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம்.

"அக்கா, சாயங்காலத்துல நான் பியானோ கத்துக்கப் போறேன். மதர்கிட்டக் கேட்டுட்டேன்."

அம்மா அப்பாவிடம் சொன்னாள். "எதுக்காம்?" என்றார் அப்பா.

"மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்ல. போயிட்டு வரட்டும், விடுங்க."

அப்பா யோசித்துவிட்டு, "இவளையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்று என்னைக் காட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்குட்டு யாரு வாராக, சித்திகிட்ட யாரு பேசுறாக, பாத்துக்க. என்ன?" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெரிய பொறுப்பு கிடைத்த மாதிரி இருந்தது.

இருபத்து நாலு வயசுக்காரிக்குப் பதினாலு வயசுக்காரி டீச்சர். ஹாஸ்டல் அக்காவுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. முதல் நாளே, "உங்களுக்கு என்ன வாசிக்கணும்?" என்று கேட்டாள்.

"சின்னப் பிள்ளைக பாட்டுக்குப் பின்னால வாசிக்கிற மாதிரி வந்தாப் போதும். பொங்கலுக்குள்ள வரணும்."

"அப்ப மூணே மூணு கார்ட் போதும். சி, எஃப், ஜி. இதை வச்சு உலகத்துல பாதிப் பாட்டை ஒப்பேத்திடலாம்."

கார்ட் என்றால் மூன்று கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்துவது. பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். கேட்க எளிது. சித்தி முதலில் அழுத்தியபோது ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று பக்கத்துக் கட்டையையும் சேர்த்துக்கொண்டது. படியில் தட்டுமுட்டுச் சாமான் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஹாஸ்டல் அக்கா அவள் மணிக்கட்டின் கீழே ஒரு ஸ்கேலை வைத்து, "இதுல கை படக்கூடாது" என்றாள். சித்தி சரி என்று திரும்ப ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சித்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது நானும் அழுத்திப் பார்ப்பேன்.

கார்ட் வந்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் பெரிய பாடாக இருந்தது. சித்தி ஒவ்வொரு தடவையும் கையை முழுசாக எடுத்துவிட்டு, தேடி, மறுபடி வைப்பாள். அதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

"கையை ஏன் தூக்குறீங்க? ஒரு விரல் எப்பவும் வீட்டுலயே இருக்கணும். சி-லேர்ந்து எஃப் போறப்போ பெருவிரல் நகராது. சி-லேர்ந்து ஜி போறப்போ சுண்டுவிரல் நகராது. மத்த ரெண்டும் போயிட்டு வரட்டும்."

எஃப் கார்டில் வேறொரு தொந்தரவு. சத்தம் வராத அந்தக் கட்டை எஃப்தான். அது இல்லாமல் கார்ட் பல் விழுந்த வாய் மாதிரி கேட்டது. "அந்தச் சத்தத்தை நீங்க வாயால போடுங்க" என்றாள் ஹாஸ்டல் அக்கா. சித்தி என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு மெல்ல "ம்ம்" என்று இழுத்தாள். "இன்னும் மேல." இழுத்தாள். "அதேதான். விடாதீங்க." வீட்டில் வாய் திறக்காத சித்தி, பாதி இருட்டிய ஹாலில், கண்ணை மூடிக்கொண்டு ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஹாஸ்டல் அக்காவுக்குச் சம்பளம் சீயம். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அவளிடம் நல்ல வார்த்தை கிடையாது. அம்மா பூரணம் வைத்து எண்ணெயில் சுடும் சீயத்தில் நாலைந்தை நான் டிபன் பாக்ஸில் கொண்டு போவேன். எண்ணெய்க் கையோடு கட்டையைத் தொடக்கூடாது என்று அவளே சட்டம் போட்டு, அவளே பாவாடையில் துடைத்துக்கொண்டு தொடுவாள்.

வலது கை ஓரளவு வந்தபிறகு இடது கை. அதில் சுண்டுவிரலால் கீழ்க் கட்டை ஒன்றை அழுத்த வேண்டும். சித்தியின் விரல் படியவில்லை.

"இந்த விரல் ஏன் நிமிர மாட்டேங்குது?" என்றாள் ஹாஸ்டல் அக்கா.

"ஒடஞ்சது. சரியாச் சேரல."

"எப்படி ஒடஞ்சது?"

"கதவை வச்சு நசுக்குனாரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். வேலைக்குப் போறேன்னு கேட்டேன்."

ஹாஸ்டல் அக்கா அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பாவம் என்றோ அடடா என்றோ சொல்லவில்லை. "அப்ப அதை விட்டுருங்க. பக்கத்து விரலால அடிங்க" என்றாள். சித்தி பக்கத்து விரலால் அடித்தாள். சரியாக வந்தது.

அன்றுதான் சித்தி மீதியையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் நர்சரி டீச்சர் படிப்பு முடித்திருந்தாள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் வேண்டுமாம். தங்க இடமும் உண்டு. பிள்ளைகளின் பாட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மதர் சொன்ன சேதி. என் முன்னால்தான் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

விரல் விஷயத்தை நான் அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கதவா?"

"கதவுதான்."

அம்மா மறுபடி ஆய ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட நீ சொல்லவேணாம். நான் சொல்லிக்கிறேன்." ஆனால் அவள் சொல்லவில்லை. வாரங்கள் போயின, சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி அன்று நான் எடுத்த முடிவை ரொம்ப வருஷம் மாற்றாமல் வைத்திருந்தேன்.

அப்பா தினமும் என்னிடம் கேட்பார். "இன்னிக்கு யாரு வந்தாக?"

"யாரும் வரலப்பா."

"யாரும் பேசினாகளா?"

"ஹாஸ்டல் அக்கா மட்டும்."

அவ்வளவுதான் கேள்வி. பதிலும் அவ்வளவுதான்.

கார்த்திகை முடியும் சமயம் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே சித்தி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஜிகிட்டப் போறதுல பிரச்சினை இல்ல. ஜிய விட்டுட்டு வர்றப்பதான் மனசு தடுமாறுது." கூடத்தில் அப்பா பேப்பரை மடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று சாப்பிடும்போது அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். "ஜி யாரு?"

சித்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். "என்ன அத்தான்?"

"ஜி, ஜிங்கிறியே. யாரு அது? ஆபீஸ்ல ஒரு வடக்கத்தி ஆளை எல்லாரும் ஜின்னுதான் கூப்புடுறாக. அவனா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் மூன்று விரலை ஊன்றிக் காட்டி, "இதுதான் ஜி, அத்தான்" என்றாள். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் ஆபீசிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஹாலில் ஒரு பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹாஸ்டல் அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சித்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். சி, எஃப், சி, ஜி, சி. திரும்பத் திரும்ப அதேதான். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் கொட்டாவி வந்தது. எழுந்து போய்விட்டார்.

வீட்டில் அம்மாவிடம், "சும்மா பொட்டியைத் தட்டிக்கிட்டு இருக்காக. ஒண்ணுமில்ல, விடு" என்றார்.

முதலில் அதைக் காதல் என்று நினைத்தார், பிறகு ஒன்றுமில்லை என்று நினைத்தார். என் அப்பா கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு ஒரு பெண் வீட்டைவிட்டுப் போக இரண்டே காரணம்தான் தெரிந்திருந்தது: ஒன்று புருஷன், இல்லாவிட்டால் வேறொருவன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை திருக்கோஷ்டியூர் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். திருப்பத்தூரில் இறங்கியதும், கோயிலுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறினாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கொடைக்கானல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிஸ்டர் ஆள் எடுப்பதற்காக மதுரைக்கு வந்திருந்தார். அங்கே இருந்த பியானோ பளபளவென்று இருந்தது. கட்டைகள் எல்லாம் வெள்ளையாக, ஒரே உயரத்தில்.

"ஏதாவது வாசிங்க" என்றார் சிஸ்டர்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சி அழுத்தினாள். பிறகு எஃப். அழுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"சத்தம் வருது சிஸ்டர்" என்றாள் சித்தி.

சிஸ்டருக்குப் புரியவில்லை. சித்தி எங்கள் பியானோவைப் பற்றிச் சொன்னாள். சிஸ்டர் சிரித்தார், பிறகு அவள் இடது கையைக் கவனித்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பாடிக்கிட்டே வாசிங்க" என்றார். சித்தி பாடினாள். நடுவில் இரண்டு இடத்தில் தவறியது. நிறுத்தாமல் போனாள். சேதியை மதருக்குப் போனில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது நாங்கள் திருக்கோஷ்டியூருக்கும் போனோம். சொல்லிவிட்டு வந்தது பொய்யாகக் கூடாதாம். துளசி வாங்கி அம்மாவுக்கென்று மடித்து வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஹாஸ்டல் அக்கா ஊருக்குப் போனாள். சித்தி அவளுக்கு இரண்டு முழம் கறுப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள். லீவு முடிந்து அவள் வரவில்லை. அவள் அப்பாவுக்கு மாற்றல் என்றார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். சித்தப்பா, அவருடைய அம்மா, பேசி முடிக்க ஒரு பெரியவர். தட்டில் பழம், பூ, ஒரு பட்டுச்சேலை. சித்தப்பா எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பார்க்க நல்ல மனுஷராகத்தான் இருந்தார். அதையும் சொல்லியாக வேண்டும்.

"சின்னஞ்சிறுசுக. ஏதோ கோவதாபம். எல்லாத்தையும் மறந்துட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் அப்பா.

சித்தி வந்து தூணோரம் நின்றாள். "நான் வரல அத்தான். கொடைக்கானல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. மதருக்குப் போன் வந்துச்சு. திங்கக்கிழமை சேரணும்."

சித்தப்பாவின் அம்மா, "வேலையா? யாரைக் கேட்டு?" என்றார். சித்தப்பா சிரித்தார். "இவளுக்கு என்ன தெரியும்னு வேலை குடுத்தாகளாம்?"

அம்மா காபித் தட்டோடு வந்தாள். யாருக்கும் கொடுக்காமல் தட்டைத் தரையில் வைத்தாள். சித்தியின் இடது கையைப் பிடித்து இழுத்து அப்பாவின் முகத்துக்கு முன்னால் கொண்டு போனாள்.

"பாருங்க. அம்மிக்குழவி விழல. இந்த மனுஷன் கதவை வச்சு நசுக்கியிருக்காரு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

பேசி முடிக்க வந்த பெரியவர்தான் கேட்டார். "அப்படியா தம்பி?"

"அன்னிக்கு ஏதோ ஆத்திரத்துல..." என்றார் சித்தப்பா.

"புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்" என்றார் அவருடைய அம்மா.

அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகுது. கெளம்புங்க" என்றார். அவர்கள் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு போனார்கள். காபி ஆடை கட்டிப்போய் அங்கேயே இருந்தது.

அம்மா ஏன் அதுவரை சொல்லாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. முன்னாலேயே சொல்லியிருந்தால் அப்பா அதற்கும் ஒரு தவணை சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டிருக்கலாம். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

சித்தி அந்த மலையில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தாள். கடைசிவரை அதே மூன்று கார்ட்தான். நாலாவதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை என்பாள். இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாள், காது கொஞ்சம் மந்தம். நம் பள்ளிக்கூடத்துப் பியானோவை, நாம் பத்தாவது முடிப்பதற்குள் கறையான் தின்றுவிட்டது. தச்சர் வந்து பிரித்து, நல்ல பலகைகளை லைப்ரரி அலமாரிக்குப் போட்டார். நீங்கள் எல்லோரும் அதில் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள்.

அவள் கிளம்பிய காலையைச் சொல்லி முடிக்கிறேன். அவர்கள் வந்து போனதிலிருந்து அப்பா சித்தியிடம் பேசவில்லை. மதுரைக்குப் போனதும் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது; அதை மறைத்தது அவருக்குப் பெரிய குற்றம். சித்தியும் நானும் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதாக ஏற்பாடு. வாசலில் செருப்பைப் போடும்போது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மதுரை பஸ்ஸில் கூட்டம். அப்பா கண்டக்டரிடம் சத்தம் போட்டார். ஒருவரை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார். பெட்டியைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

"அங்குட்டு ரொம்பக் குளிரும்ங்கிறாக. மதுரையில எறங்கி ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்க ஆத்தா."

"சரி அத்தான்."

பஸ் போனபிறகும் அவர் அங்கேயே நின்றார். பிறகு என்னைக் கேட்டார்.

"இந்த வேலை விஷயம், மதுரை விஷயம், எல்லாம் உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"தெனமும் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"யாரு வந்தாகன்னுதானப்பா கேட்டீக. சித்தியைப் பத்திக் கேக்கலையே."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போயிட்டாளா?"

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனவர், நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"போயிட்டா. ஜன்னலோரம் சீட்டுப் புடிச்சுக் குடுத்தேன்."